எல்லாவற்றிலும் ஐந்தில் ஒன்று வெட்டலாமா?

கேள்வி: நான் கால்நடை மருத்துவர். பணிக்காலத்தின் பெரும்பகுதி மருந்தகங்களிலேயே கழிந்தது. நான்கு மாதங்களுக்கு முன்புதான் தென்மாவட்டம் ஒன்றில் மண்டல இணை இயக்குநராகப் பொறுப்பேற்றேன். வரி வருவாய் மதிப்பிட்ட அளவுக்கு வரவில்லை, சம்பளம் தவிர்த்த செலவில் 20 சதவீதம் குறைக்க வேண்டும் என்று டிசம்பர் முதல் வாரத்தில் கடிதம் வந்தது. எங்களுக்கு ஆண்டு ஒதுக்கீடு 30 லட்சம். நவம்பர் முடிய 20 லட்சம் செலவாகிவிட்டது. பொருள் வாங்கிப் பணம் தராத பட்டியல்கள் 1 லட்சத்துக்கு இருக்கின்றன. டீசல், மின்சாரம், மருந்து, கட்டடப் பராமரிப்பு, வெளிமுகமைத் துப்புரவுப் பணி என எல்லாவற்றிலும் சரிசமமாக 20 சதவீதம் வெட்டிவிடலாம், யாருக்கும் மனக்குறை வராது என்கிறார் கண்காணிப்பாளர். பழைய பட்டியல்களை ஏப்ரலுக்குத் தள்ளலாம், துப்புரவுப் பணியாளர்களுக்கு இரண்டு மாதக் கூலியை நிறுத்தி வைக்கலாம் என்றும் யோசனைகள் வருகின்றன. எனக்குக் கணக்கு தெரியாது. எங்கே தொடங்குவது?

அன்புள்ள டாக்டர் அவர்களுக்கு,

கணக்கு தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒதுக்கீடு, செலவு, நிலுவை என்ற மூன்று எண்களையும் கேட்காமலே தந்திருக்கிறீர்கள். கருவூலத்திலும் கணக்குப் பிரிவிலும் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் சொல்கிறேன், இந்த மூன்றையும் கடிதம் வந்த வாரமே கையில் வைத்திருக்கும் அலுவலர்கள் குறைவு. மீதியைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

முதலில் அந்த 20 சதவீதம் உண்மையில் எவ்வளவு என்று பார்ப்போம். 30 லட்சத்தில் 20 சதவீதம் 6 லட்சம். உங்களிடம் மிச்சம் இருப்பது 10 லட்சம். அதில் 6 போனால் 4. ஏற்கெனவே வாங்கிவிட்ட பொருளுக்கு 1 லட்சம் தர வேண்டும். ஆக, டிசம்பர் முதல் மார்ச் வரை நான்கு மாதத்துக்கு உங்கள் கையில் 3 லட்சம். மாதம் இரண்டரை லட்சம் செலவழித்த அலுவலகம் இனி மாதம் 75 ஆயிரத்தில் ஓட வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது பெயருக்குத்தான் 20 சதவீத வெட்டு. இந்த நான்கு மாதத்தைப் பொறுத்தவரை அது 70 சதவீத வெட்டு. “எல்லாவற்றிலும் ஐந்தில் ஒன்று” என்று கண்காணிப்பாளர் சொல்லும் வழியில் போனால், ஜனவரி நடுவில் பணம் தீர்ந்து நிற்பீர்கள். அவர் மேல் தவறில்லை. ஆண்டுத் தொகையை வைத்தே யோசித்துப் பழகியவர்கள் எல்லோருக்கும் வரும் பிழை இது.

கடிதத்தை இன்னொரு முறை வரி வரியாகப் படியுங்கள். 20 சதவீதம் மொத்த ஒதுக்கீட்டிலா, மீதமுள்ள தொகையிலா? எல்லாக் கணக்குத் தலைப்புகளுக்கும், அதாவது எரிபொருள், மருந்து போன்ற எல்லாச் செலவு வகைகளுக்கும் பொருந்துமா, மருந்துக்கு விலக்கு இருக்கிறதா? தலைப்புவாரியாகக் குறைக்கச் சொல்கிறார்களா, மொத்தத்தில் குறைத்தால் போதுமா? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு விடை உங்களுக்குச் சாதகமாக இருந்தாலும் நிலைமை மாறிவிடும். சந்தேகம் இருந்தால் தொலைபேசியில் கேட்டுவிட்டு விடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள்.

இந்தச் சுமை உங்களைப் போன்ற சின்ன அலுவலகத்தின் தலையில் ஏன் இப்படி விழுகிறது என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். மாநில அரசின் வருவாயில் பாதிக்கு மேல் சம்பளம், ஓய்வூதியம், வட்டி என்ற மூன்றுக்கே போய்விடுகிறது. அதற்கு மேல் மானியங்களும் நலத்திட்டங்களும். இவை எதையும் ஆண்டின் நடுவில் தொட முடியாது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, வருவாய் குறைந்தால் வரி விகிதத்தை மாநிலம் தன்னிச்சையாக ஏற்றிக்கொள்ளும் இடமும் சுருங்கிவிட்டது. பெட்ரோல் டீசல், மது, முத்திரைத்தாள் பதிவு, மோட்டார் வாகனம் போன்ற சிலதான் கையில் மிச்சம். 2020 ஏப்ரலில் ஊரடங்கில் இவை நாலும் ஒரே நேரத்தில் முடங்கியபோது என்ன ஆனது என்று பார்த்தோம். ஆக நூறு ரூபாய் வர வேண்டிய இடத்தில் தொண்ணூற்றைந்து வந்தால், குறைந்த ஐந்து ரூபாயும் நூறிலிருந்து குறைவதில்லை. டீசல், மருந்து, பழுதுபார்ப்பு என்ற அந்தச் சின்னக் கூடையிலிருந்துதான் எடுக்கப்படும். உங்கள் அலுவலகத்தை யாரும் குறி வைக்கவில்லை. கை எட்டும் தூரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி சரிசம வெட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றி எனக்குச் சொந்த அனுபவம் ஒன்று உண்டு. சொல்லச் சங்கடமானது, ஆனாலும் சொல்ல வேண்டியது.

2002. மாநிலத்தின் நிதி நிலை மோசம் என்று முந்தைய ஆண்டுதான் வெள்ளை அறிக்கை வந்திருந்தது. நான் ஒரு மாவட்டத்தில், உங்களுடையதைப் போன்ற கால்நடை அலுவலகம் ஒன்றின் கணக்கைப் பார்த்துவந்தேன். இதேபோல் சிக்கனக் கடிதம் வந்தது. ஒரு மாலையில் உட்கார்ந்து, எல்லாத் தலைப்பிலும் ஒரே விகிதத்தில் குறைத்து, அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டேன். அதிகாரி பாராட்டினார். எரிபொருள் என்ற ஒரே வரியில்தான் அதிகாரியின் ஜீப்பும் இருந்தது, சினை ஊசிக்கான உறைவிந்தைக் கெடாமல் வைக்கும் திரவ நைட்ரஜனை மருந்தகங்களுக்குக் கொண்டுபோகும் வண்டியும் இருந்தது. அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கேட்கவில்லை. ஜீப் வழக்கம்போல் ஓடியது. நைட்ரஜன் வண்டியின் நடை குறைந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு மருந்தகத்துக்கு இருப்புச் சரிபார்க்கப் போயிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். ஓர் அம்மா சினை ஊசிக்காகப் பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து ஊரிலிருந்து விடியலில் கிளம்பி நடத்திக்கொண்டு வந்திருக்கிறார். கால்நடை ஆய்வாளர் நைட்ரஜன் குடுவையின் மூடியைத் திறந்தார். வழக்கமாக வெள்ளைப் புகை வழிந்து இறங்கும். எதுவும் வரவில்லை. அளவுக்குச்சியை உள்ளே விட்டு எடுத்து, காற்றில் ஆட்டிப் பார்த்தார். பனி படியவில்லை, குச்சி கறுப்பாகவே இருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவைப் பார்த்தும் உடனே பேசவில்லை. மூடியை மெதுவாக வைத்தார். மைனஸ் 196 டிகிரியில் இருக்க வேண்டிய உறைவிந்துக் குச்சிகள் அத்தனையும் வீண். ஒருமுறை உருகினால் திரும்ப உறைய வைத்துப் பயன்படுத்த முடியாது என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். அந்தப் பசு அடுத்த பருவத்துக்கு வர 21 நாள். அந்த 21 நாள் தீவனச் செலவு அந்த அம்மாவுடையது, தள்ளிப்போன பாலும் அவருடையது. நான் மிச்சம் பிடித்தது சில கேன் டீசல்.

அதன் பிறகு எந்த அலுவலகத்தில் வெட்டு வந்தாலும் நான் கேட்ட முதல் கேள்வி, இந்த ரூபாயை நிறுத்தினால் எது கெட்டுப்போகும், எது வெறுமனே காத்திருக்கும் என்பதுதான். உங்கள் அலுவலகத்துக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சுவருக்கு வெள்ளையடிப்பது காத்திருக்கும். நாற்காலி, மேசை காத்திருக்கும். நாட்குறிப்பு, அச்சுப் படிவம், விழா மேடை காத்திருக்கும். தடுப்பூசி இருக்கும் குளிர்பதனப் பெட்டியின் மின்கட்டணம் காத்திருக்காது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள் வைக்க வேண்டிய மருந்து ஓர் இரவில் பாழாகும். கோமாரித் தடுப்பூசி மத்திய நிதியில் வந்தாலும், அதைக் கிராமத்துக்குக் கொண்டுபோகும் டீசல் உங்கள் பையிலிருந்து போகிறது என்றால், அந்த டீசல்தான் தடுப்பூசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டியதைத் தவறவிட்டால் முந்தைய சுற்றின் பலனும் சேர்ந்து போகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஒழுகும் கூரைக்குக் கீழே மருந்து அறை இருந்தால், அந்தக் கட்டடப் பராமரிப்பும் காத்திருக்காத பட்டியலில்தான் சேரும். கணக்குத் தலைப்பைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்புறம், பணத்தைக் குறைக்கும்போது வேலையையும் சேர்த்துக் குறையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. ஒதுக்கீடு குறைந்துவிட்டது, ஆனால் எல்லாப் பணியும் வழக்கம்போல் நடக்க வேண்டும் என்று சுற்றறிக்கை போடுவார்கள். அந்த இடைவெளியை யாரோ ஒருவர் தன் பையிலிருந்து நிரப்புவார். கிளை நிலையத்துக்குத் தன் பைக்கில் தன் பெட்ரோலில் போகும் ஆய்வாளராக இருக்கும், வெளியே மருந்து வாங்கி வரச் சொல்லப்படும் விவசாயியாக இருக்கும். வாரம் மூன்று நாள் போகும் கிளை நிலையத்துக்கு இனி இரண்டு நாள்தான் போக முடியும் என்றால், எந்த இரண்டு நாள் என்று முடிவு செய்து, நிலையத்தின் கதவிலும் பால் சொசைட்டியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் எழுதி ஒட்டுங்கள். மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதுதான் ஜனங்களுக்கு எரிச்சல். நாள் குறைந்தது தெரிந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள்.

பயணத்தில் நிறைய மிச்சம் பிடிக்கலாம். நைட்ரஜனுக்கு ஒரு நடை, மருந்துக்கு ஒரு நடை, ஆய்வுக்கு ஒரு நடை என்று ஒரே சாலையில் மூன்று வண்டி போகும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். வண்டிக் குறிப்பேட்டை எடுத்து, கடந்த இரண்டு மாதம் எந்தத் தேதியில் எந்த ஊருக்குப் போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். இதற்கு ஓட்டுநரையே பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்தப் பாதையில் எதைச் சேர்க்கலாம் என்று அவருக்குத்தான் தெரியும். உங்கள் ஜீப்பின் ஓட்டத்தை முதலில் குறையுங்கள். தொகை சின்னதாக இருக்கலாம், ஆனால் அலுவலகம் முழுவதும் அதைத்தான் பார்க்கும். 2020 மே மாதம் அரசு போட்ட சிக்கன ஆணையில் சால்வை, பூங்கொத்து, நினைவுப்பரிசு வாங்குவதையும் நிறுத்தச் சொன்னார்கள். அதனால் கஜானா நிறையப் போவதில்லை என்று அப்போது பலர் பேசினார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. மேலே இருப்பவர் எதையும் விடாமல் கீழே இருப்பவரை விடச் சொன்னால் ஒருவரும் மனதார விடமாட்டார்கள்.

மருந்தில் எதைக் குறைப்பது என்பதை நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் தொழில். ஒன்று மட்டும் சொல்கிறேன், வாங்குவதற்கு முன் எல்லா மருந்தகங்களின் இருப்பையும் ஒரே தேதியில் எடுத்துவரச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் குடற்புழு நீக்க மருந்து காலாவதியை நெருங்கிக்கொண்டிருக்கும், இருபது கிலோமீட்டர் தள்ளி இன்னோர் இடத்தில் இல்லை என்று எழுதியிருப்பார்கள். இது அநேகமாக எல்லா மாவட்டத்திலும் நடக்கும்.

சரி, இப்போது அந்த இரண்டு யோசனைகள். இரண்டையும் ஏற்காதீர்கள்.

துப்புரவுப் பணியாளர் கூலியை நிறுத்துவது முதலாவது. உங்கள் பட்டியலில் இருப்பவர்களிலேயே மிகக் குறைந்த வருமானம் அவர்களுக்குத்தான். இரண்டு மாதக் கூலி நின்றால் வீட்டு வாடகை நிற்கும், வட்டிக்கு வாங்குவார்கள். சட்டப்படியும் இது நிற்காது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கத் தவறினால் அதைக் கொடுக்கும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு வந்து சேரும், அதாவது உங்கள் அலுவலகத்துக்கு. நிரந்தர ஊழியர் விஷயத்தில் மாநில அரசுகளே இதைச் செய்துபார்த்து நீதிமன்றத்தில் நின்றிருக்கின்றன. 2020 மார்ச்சில் ஆந்திர அரசு ஊழியர் சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் ஒரு பகுதியைத் தள்ளிவைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரியில் 6 சதவீத வட்டியுடன் கொடுக்க வேண்டும் என்று முடிந்தது. செய்த வேலைக்கான கூலி அரசின் தயவு அல்ல, அவர்களின் உரிமை. ஆறு பேர் செய்யும் வேலையை நான்கு பேரால் செய்ய முடியும் என்று நீங்கள் நிஜமாகவே நினைத்தால், ஒப்பந்தத்தில் உள்ளபடி அறிவிப்புக் கொடுத்துக் குறையுங்கள். அதுவும் கடினமான முடிவுதான், ஆனால் நேர்மையானது. வேலை வாங்கிவிட்டுக் கூலியை நிறுத்துவது அப்படி அல்ல.

பட்டியல்களை ஏப்ரலுக்குத் தள்ளுவது இரண்டாவது. நம் அரசுக் கணக்கு பணம் வெளியே போன நாளில்தான் செலவு என்று எழுதும். அதனால் மார்ச்சில் கொடுக்காமல் விட்டால் மிச்சம் பிடித்த மாதிரியே காகிதத்தில் தெரியும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வந்த முதல் வாரமே 1 லட்சம் காலி. அந்த ஆண்டும் குறை விழுந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளுவீர்கள். மூன்று வருடத்தில் அடுத்து வரும் அதிகாரி தலையில் ஒரு மூட்டை. பனிக்கட்டி கொடுப்பவர், வண்டி பழுதுபார்ப்பவர் எல்லாம் சின்னச் சின்னக் கடைக்காரர்கள். ஒருமுறை இழுத்தடித்தால் அடுத்த முறை விலையை ஏற்றித்தான் சொல்வார்கள், அல்லது வரவே மாட்டார்கள். அந்த 1 லட்சத்தை இந்த மாதமே கொடுத்து முடியுங்கள். 3 லட்சம்தான் மிச்சம் என்ற உண்மை கண்ணுக்கு முன்னால் இருக்கட்டும்.

தள்ளிவைத்தவை எவ்வளவு காலம் திரும்பாமல் இருக்கும் என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஈட்டிய விடுப்புச் சரண், அதாவது அரசு ஊழியர் எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணமாகப் பெறுவது. 2020 ஏப்ரலில் ஓராண்டுக்கு என்று நிறுத்தினார்கள். 2025 அக்டோபரில்தான் திரும்ப வந்தது. 2001 இறுதியில் வந்த ஆள்சேர்ப்புத் தடை 2006 வரை நீடித்தது. அந்த ஐந்து வருடத்தில் சேர வேண்டிய ஒரு தலைமுறை ஊழியர்கள் சேரவே இல்லை. பிற்பாடு அனுபவசாலிகள் ஓய்வுபெற்றபோது அவர்களுக்கும் புதியவர்களுக்கும் நடுவில் கோப்பு தெரிந்த ஆள் இல்லாமல் பல அலுவலகங்கள் திண்டாடின. தற்காலிகம் என்று நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும், ஐந்து வருடம் நீடித்தால் தாங்குமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து நடைமுறையில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த ஆண்டுக்கான மதிப்பீட்டை இயக்குநரகம் பரிசீலிக்கும்போது இந்த ஆண்டு எவ்வளவு செலவழித்தீர்கள் என்றுதான் பார்ப்பார்கள். 30 லட்சத்துக்குப் பதில் 24 லட்சத்தில் ஓடிவிட்டீர்கள் என்றால், 24 போதும்போல என்று நினைக்க இடமுண்டு. எனவே எது நிரந்தர மிச்சம், எது தள்ளிவைப்பு என்று இரண்டு பத்தியாகப் பிரித்து இப்போதே எழுதி அனுப்பிவிடுங்கள். பாதைகளைச் சேர்த்து மிச்சமான டீசல் நிரந்தரம், அதை ஒப்புக்கொள்ளுங்கள். ஒழுகும் கூரையைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பது தள்ளிவைப்பு. ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்பவரின் கோரிக்கைக்கு நிதிப் பிரிவில் தனி மதிப்பு உண்டு. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மேலே கேட்கலாமா என்றால், கட்டாயம் கேளுங்கள். “மிகவும் சிரமமாக உள்ளது, கூடுதல் ஒதுக்கீடு வேண்டும்” என்று வரும் கடிதங்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும். உங்கள் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எத்தனை மருந்தகத்துக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை நைட்ரஜன் போக வேண்டும், அதற்கு மாதம் எவ்வளவு டீசல், போகாவிட்டால் எத்தனை உறைவிந்துக் குச்சிகள் அழியும், அவற்றின் மதிப்பு என்ன என்று எழுதி, அந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். காலிப் பணியிடங்களால் சம்பளத் தலைப்பில் பணம் மிஞ்சியிருக்குமே, அதை எடுக்கலாமா என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். தலைப்பு மாற்றும் அதிகாரம் உங்கள் கையில் இல்லை. மறுநிதி ஒதுக்கீடு என்ற அந்த மாற்றம் ஒரே மானியக் கோரிக்கைக்குள்தான் (சட்டமன்றம் ஒப்புதல் தரும் ஒரு தொகுப்புக்குள்தான்) நடக்கும், மூலதனத்திலிருந்து (கட்டடம் போன்ற சொத்துக்கான பணத்திலிருந்து) வருவாய்க் கணக்குக்கு (அன்றாடச் செலவுக்கு) மாற்ற முடியாது, உரிய ஆணையும் வேண்டும். ஆனால் மிச்சம் இருப்பதைச் சுட்டிக்காட்டிக் கேட்பதில் தடையில்லை. கேட்பதென்றால் ஜனவரிக்குள் கேளுங்கள். மார்ச்சில் கேட்டுக் கிடைத்தால் செலவழிக்க நாள் இருக்காது. அவசரத்தில் வாங்கினாலோ, பணத்தை எடுத்து வங்கிக் கணக்கில் போட்டு வைத்தாலோ தணிக்கை ஆட்சேபணை உங்கள் பெயரில் வரும்.

ஊழியர்களிடம் என்ன சொல்வது என்று தனியாகக் கேட்கவில்லை, ஆனால் அதுவும் உங்கள் வேலைதான். எல்லோரையும் ஓர் அறையில் உட்கார வைத்து, மேலே நான் போட்ட கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். 30, 20, 6, 1, மிச்சம் 3. துப்புரவுப் பணியாளர்களும் அந்த அறையில் இருக்கட்டும். சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியர்கள் நடத்திய 2003 ஜூலை வேலைநிறுத்தத்தையும், அதில் சுமார் 1.70 லட்சம் பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதையும் பணியில் இருந்து பார்த்தவன் நான். சலுகைகள் குறைந்ததைவிட, பேச ஆள் இல்லாமல் ஆணையாக மட்டும் அது வந்து விழுந்ததுதான் பலருக்கு ஆறவில்லை. உங்கள் அலுவலகம் சின்னது. உங்களால் முகத்தைப் பார்த்துப் பேச முடியும். எது உறுதி, எது உறுதியில்லை என்று பிரித்துச் சொல்லுங்கள். கூலி நிற்காது என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளைக் காலை எல்லா மருந்தகத்துக்கும் போன் போட்டு, குடுவையில் அளவுக்குச்சியை விட்டுப் பார்த்து எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லச் சொல்லுங்கள். அந்த எண்களைத் தாளின் முதல் பத்தியில் எழுதிவிட்டு, பிறகு ரூபாய்க் கணக்குக்கு வாருங்கள். அட்டவணை தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.